விளம்பரத்தோடும் விளம்பரமின்றியும்

தாயகத்தை விட்டு வெளியூரில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு ஊர்ச் செய்தி என்பது சோற்றுக்கு அடுத்த தேவை. ஒரு காலத்தில் சென்னையில் அச்சான நாளிதழ் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி மறுநாள் நாகபுரிக்கு வந்து சேரும். அதனைச் சங்கத்து வாசகசாலையில் முறை வைத்துப் படித்த பெரியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை. திருவாரூரில் பெய்த மழையை, அவ்வூரார் குடையை மடக்குவதற்கு முன்பே நாம் இங்கே கைப்பேசியில் அறிந்துவிடுகிறோம். அறிந்துவிடுகிறோம் என்று எழுதிவிட்டோமேயன்றி, அறிவதற்கு முன் எத்தனை திரைகளை விலக்க வேண்டியிருக்கிறது என்பதை நேயர்கள் அனைவரும் அறிவர். செய்தியின் தலைப்பைத் தொட்டவுடன் முதலில் ஒரு வீட்டுமனை விளம்பரம் எழுந்து நிற்கும். அதை மூடும் பெருக்கற்குறி கடுகளவே இருக்கும். விரல் சற்றுத் தவறினால் வேறொரு பக்கம் திறக்கும். திரும்பி வந்தால் கீழ்ப்புறத்தில் ஒரு சலனப்படம் தானே ஓடத் தொடங்கும். படித்துக்கொண்டிருந்த வரி மெல்லக் கீழே நழுவிப் போய்விடும். ஏரி உடைந்ததா, இல்லையா என்பது கடைசி வரையில் தெரியாமலே போவதும் உண்டு.

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காப்பி அருந்துகையில் அன்பர்கள் சிலர், "விளம்பரத் தடுப்பான் என்று ஒன்று இருக்கிறதாமே, அது யாது? அதனைப் போட்டுக்கொள்வது முறைதானா?" என்று வினவினர். நாம் கணிப்பொறிக் கல்வி பெற்றவர்களல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கு வந்து, சரக்குக் கணக்கு எழுதிப் பழகியவர்கள். எனினும் சில ஆண்டுகளாகவே வீட்டில் ஒரு கணிப்பொறியில் தடுப்பானோடும், ஒரு கைப்பேசியில் தடுப்பான் இன்றியும் இணையத்தைப் பார்த்து வருகிறோம். ஆகவே கேட்ட அன்பர்களுக்கு விடையாக, நாம் படித்தும் பழகியும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் ஒரு பக்கம் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாம் ஒரு செய்தியைத் தொட்டதும் அச்செய்தி மட்டும் புறப்பட்டு வருவதில்லை. எழுத்தோடும் படத்தோடும், "இன்ன இன்ன இடத்திற்குப் போய் விளம்பரம் வாங்கி வருக" என்ற குறிப்புகளும் நம் உலாவிக்கு வந்து சேருகின்றன. உலாவி என்பது குரோம், பயர்பாக்ஸ், சபாரி முதலிய பக்கங் காட்டும் செயலி. அது சொன்னபடி கேட்கும் ஏவலாள். குறிப்பில் கண்ட இடங்களுக்கெல்லாம் ஓடுகிறது. அங்கே ஓர் ஏலம் நடக்கிறது. "நாகபுரியில் ஒருவர், இன்ன வகைக் கைப்பேசி, இன்ன செய்தியைப் படிக்கிறார், முன்னர் இன்ன பொருளைத் தேடியவர்" என்று கூவப்படுகிறது. வாங்குவோர் விலை கேட்கின்றனர். அதிக விலை கேட்டவருடைய விளம்பரம் நம் திரையில் வந்து உட்காருகிறது. இத்தனையும் முடிய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறதாம். மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விரல் பிடித்துப் பேசும் வியாபாரிகளும் இவ்வளவு விரைவாக விலை முடித்ததில்லை. அங்கே விலை போவது மாடு. இங்கே விலை போவது நம் கண் அந்த இடத்தில் படும் ஒரு கணம்.

எங்கள் தொழில் மொழியில் சொல்வதானால், ஒரு வேகன் சரக்குக்கு நாம் இண்டெண்ட் போட, அதனோடு பல வேகன்கள் கோக்கப்பட்டு நம் சைடிங்கில் வந்து நிற்கின்றன. அனுப்பியவன் யார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் டெமரேஜ் மட்டும் நம் பெயரில் ஏறுகிறது. டேட்டாவும், பாட்டரியும், காத்திருக்கும் நேரமும் நம்முடையவையே. 2015ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 50 செய்தித் தளங்களைக் கைப்பேசியில் சோதித்துப் பார்த்து, வந்திறங்கிய டேட்டாவில் பாதிக்கு மேற்பட்டது விளம்பரமும் அதனைச் சேர்ந்தவையுமே என்று எழுதிற்று. விளம்பரத்தால் வாழும் ஒரு பத்திரிகையே இதனை எழுதியது என்பதை நோக்க வேண்டும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பின்பு டேட்டா மலிந்துவிட்டது, இனி இந்தக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். விலை மலிந்தது உண்மை. வேகம் எல்லா இடத்திலும் மலியவில்லை. நாகபுரியிலிருந்து தெற்கே வண்டி ஏறியவர்கள் வழியிலுள்ள காட்டுப் பகுதிகளில் கைப்பேசியின் கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டிருப்பார்கள். ரயில் நிலையங்களில் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய இலவச வைஃபையும் நாளொன்றுக்கு முதல் அரைமணி நேரமே இலவசம் என்றாயிற்று. அந்த அரைமணியில் பாதியை விளம்பரத்துக்குத் தந்துவிட்டு, வண்டி நகரும்போது "இன்னும் திறக்கவில்லையே" என்று நிற்பவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

இனி இது வந்த கதையைச் சிறிது சொல்வோம். இணையத்தில் பட்டை விளம்பரம் என்பது 1994ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஹாட்வயர்டு என்ற அமெரிக்க இணைய இதழில் தோன்றியது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி கொடுத்த விளம்பரம் அவற்றுள் ஒன்று. அதனைக் கண்டவர்களில் 100க்கு 44 பேர் தொட்டுப் பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. புதுப் பொருளைக் கண்ட ஆசை! நாளடைவில் தொடுவோர் குறைந்தனர். குறையக் குறைய விளம்பரக்காரர் குரலை உயர்த்தினர். தானே எழும்பும் சன்னல் விளம்பரத்துக்கு நிரல் எழுதியவர் ஈத்தன் ஸக்கர்மன். டிரைபாடு என்ற நிறுவனத்தில் 1990களின் பிற்பகுதியில் அதனைச் செய்தார். ஒரு மோட்டார் நிறுவனம் தன் விளம்பரம் ஆபாசப் பக்கத்தின்மேல் தோன்றியது கண்டு அஞ்சியதால், விளம்பரத்தைப் பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சன்னலில் காட்ட வழி கண்டாராம். 2014ஆம் ஆண்டில் அவரே ஒரு கட்டுரை எழுதி, உலகத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எந்தக் கண்டுபிடிப்பாளரும் இவ்வாறு கைகூப்பி நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நோய் ஓங்கினால் மருந்தும் தோன்றுமல்லவா? 2002இல் டென்மார்க்கைச் சேர்ந்த மாணவர் ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சென் 'ஆட்பிளாக்' என்ற சிறு நிரலை எழுதினார். 2006இல் விளாடிமிர் பாலன்ட் அதனைத் திருத்தி 'ஆட்பிளாக் பிளஸ்' ஆக்கினார். 2014இல் ரேமண்ட் ஹில் என்பவர் 'யூபிளாக்' என்பதனை வெளியிட்டார். அதன் வழிவந்த 'யூபிளாக் ஆரிஜின்' இலவசமானது. அவர் அதற்காக நன்கொடையும் வாங்குவதில்லை. இதற்கெல்லாம் அடிப்படை ஒரு பட்டியல். எந்தெந்த முகவரியிலிருந்து விளம்பரம் வருகிறது என்று உலகெங்குமுள்ள தொண்டர்கள் குறித்து வைக்கின்றனர். உலாவி ஓர் இடத்துக்கு ஓடத் தொடங்கும் போதெல்லாம் தடுப்பான் அப்பட்டியலைப் பார்த்து, பெயர் இருந்தால் "அங்கே போகாதே" என்று நிறுத்திவிடுகிறது. வந்துவிட்ட விளம்பரத்தை ஒளித்து வைப்பதல்ல அதன் முதல் வேலை. விளம்பரத்தை அழைக்காமலே இருந்துவிடுவதுதான். ஆகவேதான் டேட்டாவும் மிஞ்சுகிறது. அழைத்திருந்தால் நின்றிருக்கக்கூடிய இடம் வெற்றிடமாகத் தெரியாதிருக்க, அதனை மூடிவிடும் சிறு வேலையையும் செய்கிறது.

எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் தடுப்பானைப் போட்ட முதல் நாள், மூலையில் அது நிறுத்தியவற்றின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் அவ்வெண் 40ஐத் தாண்டியது. ஒரு கட்டுரைக்கு நாற்பது விருந்தாளிகள்! பக்கமோ, கோலம் போட்ட வாசல் போல் இருந்தது. வரி நழுவவில்லை. இடையில் எவரும் கத்தவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் தமிழ் எழுத்துப் பயிற்சிக்கென்று பார்க்கும் காணொளிகளின் நடுவே சூதாட்டத்தை ஒத்த விளையாட்டுக்கு அழைக்கும் குரல் வந்துகொண்டிருந்தது. அதுவும் நின்றது. வெளியூரில் பிறந்து வளரும் குழந்தைக்குத் தமிழை ஊட்டுவதே பெரும்பாடு. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவே இன்னொருவர் வந்து "பணம் வெல்லலாம் வா" என்று கூப்பிட்டால் பெற்றோர் என் செய்வது?

விளம்பரம் என்பது கண்ணுக்குத் தொல்லை மட்டுமே என்றால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டோம். பொருளுக்கும் கேடு உண்டு. எங்கள் குடியிருப்பில் மளிகைக் கடை நடத்தி ஓய்ந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றே எல்லோரும் அழைப்போம். பேத்தி கலியாணத்துக்கென்று எடுத்த பயணச்சீட்டை ரத்துச் செய்து, பணம் திரும்பி வரவில்லையென்று ஒரு தேடுபொறியில் உதவி எண்ணைத் தேடினார். முதலில் வந்தது, மிகச் சிறிய எழுத்தில் விளம்பரம் என்று குறித்த ஓர் எண். அவர் கண்ணாடிக்கு அந்தக் குறிப்பு எட்டவில்லை. பேசியவன் நயமான இந்தியில் பேசி, திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொன்னான். கால் மணி நேரத்தில் வங்கிக் கணக்கிலிருந்து ரூ. 18,400 போயிற்று.

"வர வேண்டிய பணத்தைத்தானே தம்பி கேட்டேன்? இருந்ததையும் வழிச்சிட்டுப் போயிட்டானே!" என்று அவர் எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து அமர்ந்தார்.

"முதல்ல 1930க்குப் போன் போடுவோம் அண்ணாச்சி. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றோம்.

1930 என்பது இணைய மோசடிகளைத் தெரிவிக்க அரசு வைத்திருக்கும் எண். உடனே தெரிவித்ததால் வங்கி ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. மீதி வந்தபாடில்லை. அண்ணாச்சிக்குப் பணம் போனதைக் காட்டிலும், தாம் ஏமாந்தது மகனுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் பெரிய வருத்தம். ஊரிலுள்ள மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்று நம்மிடம் இருமுறை சொன்னார். இங்கும் பெயர் குறிப்பிடவில்லை, அவர் இசைவு பெற்றே எழுதுகிறோம். ரயில்வே ஊழியர் என்ற முறையில் ஒன்று சொல்லிவைக்கிறோம். இணையத்தில் வாங்கிய சீட்டை ரத்துச் செய்தால், செலுத்திய கணக்குக்கே பணம் தானாகத் திரும்பும். அதற்காக எவரும் உங்கள் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. ரயில் பற்றிய விசாரணைக்கும் குறைக்கும் 139 என்ற எண் இருக்கிறது.

இம்மாதிரிப் போலி விளம்பரங்கள் பெருகியதால்தான் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. தேடுபொறியில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அதில் யோசனை கூறியிருந்தது. காவல் துறையே இவ்வாறு சொன்ன பிறகு, 'தடுப்பான் போடுவது ஏதோ கள்ளத்தனம்' என்ற கூச்சம் நமக்கு வேண்டுவதில்லை. பெரிய பத்திரிகையின் பக்கந்தானே என்று நம்பவும் இடமில்லை. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி முதலிய பெருந்தளங்களிலேயே விளம்பரங்களின் வழியாகத் தீய நிரல்கள் புகுந்தன. பத்திரிகைக்காரர் வேண்டுமென்று செய்ததன்று. ஏலத்தில் யார் வாங்கினார் என்பது அவர்களுக்கே தெரியாது.

மற்றொன்று எங்கள் துறையிலேயே நடந்தது. 2019 மே மாதத்தில் ஒரு பயணி, பயணச்சீட்டு வாங்கும் ரயில்வே செயலியில் அருவருப்பான விளம்பரங்கள் வருவதாக எல்லோரும் காண முறையிட்டார். விளம்பரங்கள் கூகுளின் கருவி வழியாக வருகின்றன, பார்ப்பவர் முன்பு எவற்றைப் பார்த்தாரோ அதையொட்டியே வருகின்றன, ஆகவே உலாவியின் பழைய குறிப்புகளை அழித்துவிடுக என்று ரயில்வேயின் சார்பில் பதில் போயிற்று. நாடே சிரித்தது. ஆனால் எமது அபிப்பிராயத்தில் அந்தச் சிரிப்பு பாதிதான் நியாயம். ஒரே கைப்பேசியைத் தகப்பனார், மைத்துனன், பக்கத்து வீட்டுப் பையன் எல்லோரும் வாங்கிப் பார்க்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! ஒருவன் பார்த்ததன் நிழல் மற்றொருவர் முன் வந்து விழுகிறது. அந்த நிழலை வைத்து மருமகள் மாமனாரை ஐயுறுவதும், தாய் மகனை ஐயுறுவதும் வீண் மனத்தாங்கலுக்கே வழி.

இனி, போட்டுக்கொள்வது எவ்வாறு? கணிப்பொறியில் பயர்பாக்ஸ் உலாவியை நிறுவி, அதன் துணைநிரல் பக்கத்திலிருந்து யூபிளாக் ஆரிஜினைச் சேர்ப்பது எளிது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் பயர்பாக்ஸில் இதனைச் சேர்க்கலாம். குரோம் உலாவியில் முன்னர் இருந்த முழு வடிவம் 2025ஆம் ஆண்டோடு செயலற்றுப் போயிற்று. 'யூபிளாக் ஆரிஜின் லைட்' என்ற குறைந்த வடிவமே இப்போது உண்டு. பாதுகாப்புக்காக விதிகளை மாற்றினோம் என்பது கூகுளின் விளக்கம். இருக்கலாம். ஆயினும் 2023ஆம் ஆண்டில் அதன் தாய் நிறுவனத்தின் வருவாய் ஏறக்குறைய 30,700 கோடி டாலர். அதில் 23,700 கோடிக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்தது. சுங்கச்சாவடிக்காரரே சாலைக்கு மேஸ்திரியாகவும் இருந்தால் குறுக்கு வழி அகலமாகுமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். ஐபோன் வைத்திருப்போர்க்கு 2015 செப்டம்பர் முதல் சபாரியில் தடுப்பான் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 9ஆம் பதிப்பு முதல், அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்றோர் இடம் இருக்கிறது. அங்கே விளம்பர முகவரிகளைத் தடுக்கும் சேவை ஒன்றின் பெயரை இட்டால், உலாவியில் மட்டுமன்றிப் பல செயலிகளிலும் விளம்பரம் குறையும். யூடியூப் செயலியினுள் வருவதை அதனால் தடுக்க முடியாது. படமும் விளம்பரமும் அங்கே ஒரே வீட்டிலிருந்து வருகின்றன.

எங்கள் குடியிருப்பில் சிலர் முன்னர் யூசி பிரவுசரில் விளம்பரத் தடை இருக்கிறதென்று அதனைக் கைக்கொண்டிருந்தனர். 2020 ஜூன் 29இல் அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. இதனால் ஒன்று நினைவில் வைக்க வேண்டும். தடுப்பான் என்பது நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் உடனிருந்து பார்க்கக்கூடிய காவற்காரன். காவற்காரனே கன்னக்கோல் வைத்திருந்தால்? 2018 ஏப்ரலில் குரோம் கடையிலேயே ஐந்து போலித் தடுப்பான்கள் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டன. அதற்குள் அவற்றை 2 கோடிப் பேர் வரை நிறுவியிருந்தனர். பெயர் ஒன்றுபோலிருக்கிறதே என்று எதையும் சேர்க்கலாகாது. அலுவலகக் கணிப்பொறியில் மேலதிகாரி இசைவின்றிச் சேர்ப்பதும் கூடாது. வங்கிப் பக்கமோ, சீட்டு வாங்கும் பக்கமோ திறக்க மறுத்தால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்தி வைத்தால் போதும். முழுவதும் கழற்ற வேண்டியதில்லை.

இதுவரை படித்தவர், இவர் விளம்பரத்துக்கே பகைவர் போலும் என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. கையிலிருக்கும் இவ்விதழையே பாருங்கள். பின்னட்டையில் இட்லி மாவுக் கடை விளம்பரமும், உள்ளே இரு மெஸ் விளம்பரங்களும், ஒரு நகைக் கடை விளம்பரமும் இருக்கின்றன. அவை இல்லாவிடில் தாள் விலையும் தபாற் செலவும் எங்கிருந்து வரும்? சந்தாத் தொகை அச்சுக்கூலிக்கே காணாது. ஆனால் மாவுக் கடை விளம்பரம் அட்டையில் அமைதியாக இருக்கிறது. நீங்கள் கதையைப் படிக்கையில் எழுந்து வந்து கையைப் பிடிப்பதில்லை. எத்தனை நிமிடம் படித்தீர், பிறகு எந்தக் கடைக்குப் போனீர் என்று உளவு பார்ப்பதில்லை. நமக்கு வழக்கு விளம்பரத்தோடு அன்று, பின்தொடரும் விளம்பரத்தோடு.

தமிழ்ச் செய்தித் தளங்களின் பாடும் எண்ணத்தக்கது. சிறு நகரத்து நிருபருக்குச் சம்பளம் யார் தருவது? எல்லோரும் தடுப்பான் போட்டுவிட்டால் அந்தத் தளத்துக்கு வரும் சிறு தொகையும் நிற்கும். நின்றால் முதலில் குறைவது மாவட்டச் செய்திதான். தலைநகரத்து அரசியலை எழுத ஆயிரம் பேர் உண்டு. மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால் தூர்வாரப்படவில்லை என்று எழுத ஒருவரே இருப்பார். வெளியூரிலிருக்கும் நமக்கு வேண்டியதோ அந்த வாய்க்கால்.

ஜெர்மனியில் இதற்கே பெரிய வழக்கு நடந்தது. ஆக்செல் ஸ்பிரிங்கர் என்னும் பெரும் பத்திரிகை நிறுவனம், ஆட்பிளாக் பிளஸ் நடத்தும் ஐயோ என்ற கொலோன் நகரத்து நிறுவனத்தின்மேல் வழக்கிட்டது. தடுப்பான் முறையற்ற போட்டியன்று என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை பற்றி நடந்த மற்றொரு வழக்கை 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் மீண்டும் விசாரிக்கும்படி ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. வழக்கின் நடுவே வெளியான செய்தி ஒன்று உண்டு. ஐயோ நிறுவனம் 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. தொல்லை தராத விளம்பரங்களைத் தடுப்பான் விட்டுவிடும். பெரிய நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணமும் வாங்குகிறது. அடக்கமான விளம்பரத்துக்கு இடம் தருவது நல்ல கருத்து. ஆனால் வீட்டு வாசலில் நாம் நிறுத்திய காவற்காரன், வருவோரிடம் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவது எமக்கு உடன்பாடன்று. வேண்டாதவர் அமைப்பில் அதனை நிறுத்திவிடலாம். அண்ணாச்சியைப் போன்றோர் கைப்பேசியில் கண்டிப்பாக நிறுத்திவிட வேண்டும். தேடுபொறி விளம்பரங்களும் அந்த வழியாக உள்ளே வரக்கூடும்.

நம் நாட்டிலும் சட்டம் மெல்ல அசைகிறது. 2023 நவம்பரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை மாயவலைகளை விலக்கி நெறிமுறை வெளியிட்டது. செய்தி போல் வேடமிட்டு வரும் விளம்பரமும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தோரைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டலாகாது என்கிறது. விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வரவேண்டும். அதுவரை மகளின் ழகரப் பாடத்துக்குக் காவல் நாமே.

எங்கள் வீட்டு ஏற்பாடு இது. கைப்பேசிகளிலும் கணிப்பொறியிலும் தடுப்பான் உண்டு. நாள்தோறும் படிக்கும் தமிழ்த் தளங்கள் இரண்டுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தோம். ஒரு தளம் நாகரிகமாக நடந்துகொண்டது. மற்றொன்று சன்னலைத் திறந்ததும் சந்தையையே அழைத்து வந்தது. அதற்கு அளித்த விலக்கை எடுத்துவிட்டு, அதன் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டோம். மாதக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு டம்ளர் காப்பி விலை கூட ஆகவில்லை. பணம் கட்டிய பிறகும் சில விளம்பரம் வருகிறது என்பது வேறு கதை. அவற்றைத் தடுப்பதற்கு எமக்குக் கூச்சமில்லை.

தடுப்பான் போட்டதில் எங்கள் வீட்டில் குறைப்பட்டவர் அம்மா ஒருவரே. "தீபாவளி வரப்போகுது, புடவைக் கடை விளம்பரம் ஒண்ணையும் காணோமேப்பா" என்றார். அச்சுப் பத்திரிகையில் ஊர்க் கடைகளின் விளம்பரத்தைச் செய்தியைப் போலவே ஒரு வரி விடாமல் படிப்பவர் அவர். கும்பகோணத்தில் எந்தக் கடை கிளை திறந்தது, எந்தப் பாத்திரக் கடை தள்ளுபடி போட்டது என்பதெல்லாம் அவருக்கு ஊர் நடப்பு. தடுப்பானை நிறுத்தி அதே பக்கத்தைக் காட்டினோம். கும்பகோணச் செய்திக்குக் கீழே, நாகபுரி வார்தா சாலையில் அடுக்குமாடி வீடு விற்பனைக்கு என்று மராத்தியில் வந்தது. ஏலக்காரன் நாம் இருக்கும் இடத்தைத்தான் விற்கிறான், நம் மனம் இருக்கும் இடத்தை அல்ல. அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு, ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் தீபாவளி மலர் ஒன்று வாங்கி வரச் சொல்லும்படி எங்களிடம் கூறினார். அடுத்த வாரம் தெற்கே செல்லும் அன்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறோம்.